ப்ராஜெக்ட் உருவாக்கும் டூலுக்கு ஏஜென்ட் படிக்கிற மாதிரி விளக்கம் எழுதுவது எப்படி? ஒரே கடைக்கு ஒன்பது ப்ராஜெக்ட் வந்துவிட்டது

மூன்றாம்_மாடி | ரங்கூன் | திங்கள், காலை 9.10

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆறு பேர். மளிகை, மருந்து, இரும்புக் கடைகளுக்குச் சரக்கு இருப்பு பார்க்கவும் பில் போடவும் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். டாஸ்க் மேனேஜரில் கடைக்கு ஒரு ப்ராஜெக்ட். போன மாதம் அதோடு ஓர் ஏஐ ஏஜென்டை இணைத்தோம். ஏஜென்டை வெளி மென்பொருளோடு இணைக்கும் நெறிமுறையான எம்சிபிக்கு ஏற்ற சர்வரை நானே எழுதினேன். ப்ராஜெக்ட் உருவாக்க, டாஸ்க் சேர்க்க, பட்டியல் எடுக்க என்று மூன்று டூல். கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிற தம்பி, டாக்சியில் உட்கார்ந்தபடியே "புதுக் கடை, அடுத்த வாரம் ஆரம்பம், இன்னின்ன வேலை" என்று தட்டிவிட்டால் போதும், மீதியை ஏஜென்ட் பார்த்துக்கொள்ளும்.

ப்ராஜெக்ட் உருவாக்கும் டூலுக்கு நான் எழுதியிருந்த விளக்கம் மொத்தமே இதுதான்: "புதிய ப்ராஜெக்டை உருவாக்கும்."

வெள்ளிக்கிழமை மதியம் கரண்ட் போனது. ஃபைபரும் சேர்ந்து போய், மோடம் சிம் கார்டுக்கு மாறியது. டாஸ்க் மேனேஜர் வெளிநாட்டில் வாடகை சர்வரில் இருக்கிறது. நான் பத்து நொடி டைம்அவுட் வைத்திருந்தேன். அங்கே ப்ராஜெக்ட் உருவாகிவிடுகிறது, பதில் மட்டும் பத்து நொடிக்குள் வந்து சேரவில்லை. ஏஜென்ட் மறுபடி முயற்சி செய்திருக்கிறது, மறுபடியும். சில முறை பெயரை வேறு மாற்றிப் பார்த்திருக்கிறது. கரண்ட் வந்து பார்த்தால் ஒரே கடைக்கு ஒன்பது ப்ராஜெக்ட்.

எனக்குத் தெரிய வேண்டியது: இந்த மாதிரி டூலுக்கு விளக்கம் எழுத நல்ல முறை என்ன? மனிதருக்கு எழுதும் கையேடு மாதிரி எழுதலாமா, வேறு மாதிரியா?

---

பெகுக்காரன் | 9.25

விளக்கத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் இது தீராது. பதில் வராவிட்டால் திரும்ப அனுப்புவது எந்த நிரலுக்கும் உள்ள பழக்கம். ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் ஒரே ப்ராஜெக்ட்தான் உருவாக வேண்டும் என்பதை சர்வரில் செய்யுங்கள். கோரிக்கைக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் பழைய பதிலையே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கதவுக்குப் பூட்டுப் போடாமல் "திருடாதீர்கள்" என்று பலகை மாட்டினால் எப்படி?

---

லாபெத்தோ | 9.31

ஒன்பது ப்ராஜெக்டுக்கும் ஒன்பது பில் போட்டீர்களா?

---

மூன்றாம்_மாடி | 9.33

முதலாளி கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

---

பழைய_வாத்தியார் | மோல்மீன் | திங்கள், காலை 11.40

பூட்டு வேண்டும் என்பதில் பெகுக்காரனோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தம்பி கேட்டது பலகையைப் பற்றி. பூட்டு இருக்கிற வீட்டிலும் எந்தக் கதவு எந்த அறைக்கு என்று எழுதத்தான் வேண்டும்.

முதலில் யாருக்கு எழுதுகிறீர்கள் என்று யோசியுங்கள். நான் முப்பது வருடம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவன். மாணவனுக்குப் புரியாவிட்டால் முகத்தைப் பார்த்தாலே தெரியும், திரும்பச் சொல்வேன். ஏஜென்டுக்கு அந்த வசதி கிடையாது. டூலின் பெயர், விளக்கம், எந்த ஃபீல்டில் என்ன வரலாம் என்று சொல்லும் ஜேசான் ஸ்கீமா, இந்த மூன்றுதான் அதன் கைக்குப் போகும். உங்கள் அலுவலகத்தில் "ப்ராஜெக்ட் என்றால் ஒரு கடை" என்று ஆறு பேருக்கும் தெரியும், அதற்குத் தெரியாது. அதுவாக ஓர் அர்த்தம் வைத்துக்கொள்ளும். அந்த அர்த்தம் பெரும்பாலும் சரியாக இருப்பதுதான் ஆபத்து. பத்தில் ஒன்பது சரியாக நடந்தால் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

"புதிய ப்ராஜெக்டை உருவாக்கும்" என்பது டூலின் பெயரையே இன்னொரு முறை சொல்வது. அதில் புதுத் தகவல் எதுவும் இல்லை. நான் எழுதினால் நான்கு கேள்விக்கு விடை இருக்கும். உங்கள் இடத்தில் ப்ராஜெக்ட் என்றால் என்ன, எப்போது இந்த டூலைக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்ட பிறகு என்ன திரும்பி வரும், தவறினால் அடுத்து என்ன செய்ய வேண்டும். இதில் இரண்டாவதை எழுத எல்லோரும் மறக்கிறார்கள். ஏஜென்டுக்கு டூலைக் கொடுத்தால் சின்னப் பிள்ளை கையில் சுத்தியல் கொடுத்த மாதிரி, எதையாவது அடித்துப் பார்க்கத் தோன்றும்.

ஒன்று கேட்கிறேன். ஒன்பது ப்ராஜெக்டைத் தவிர, டாஸ்க்காக இருக்க வேண்டியது ப்ராஜெக்டாக வந்த கதை உண்டா?

---

மூன்றாம்_மாடி | 11.58

வாத்தியார் சயா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? "நாளைக்கு ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வேண்டும்" என்று ஒருவர் எழுதினார். அதற்கு ஒரு ப்ராஜெக்ட், உள்ளே நான்கு டாஸ்க்: விலை விசாரித்தல், கேன் எடுத்தல், வாங்குதல், ஊற்றுதல். நாங்கள் சிரித்துவிட்டு அழித்துவிட்டோம்.

---

பழைய_வாத்தியார் | 12.06

சிரித்ததோடு விட்டிருக்கக் கூடாது. அந்த டீசலையே விளக்கத்தில் எடுத்துக்காட்டாகப் போடுங்கள். "ஒரே ஆள் ஒரே நாளில் முடிக்கும் வேலை ப்ராஜெக்ட் ஆகாது, அதற்கு டாஸ்க் சேர்க்கும் டூலைப் பயன்படுத்து. எடுத்துக்காட்டு: ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவது." இலக்கணம் பத்து வரி எழுதுவதைவிட உண்மையில் நடந்த தவறு ஒன்றைக் காட்டுவது மேல். வகுப்பிலும் அப்படித்தான்.

---

வெளியூர்_ரங்கூன்காரி | சிங்கப்பூர் | திங்கள், மதியம் 1.20

நான் இங்கே வேலையில் இதே மாதிரி டூல்கள்தான் எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் உள்ளே இறங்கிப் பேசுகிறேன்.

தம்பி, டைம்அவுட் ஆனபோது உங்கள் சர்வர் ஏஜென்டிடம் சரியாக என்ன வாசகம் திருப்பிக் கொடுத்தது?

---

மூன்றாம்_மாடி | 1.24

"பிழை" என்று ஒரு சொல், அக்கா. அவ்வளவுதான்.

---

வெளியூர்_ரங்கூன்காரி | 1.52

அங்கேதான் கோளாறு. பிழைச் செய்தியும் விளக்கத்தின் ஒரு பகுதிதான். சொல்லப்போனால் அதுதான் அதிகம் உதவும் பகுதி, தேவைப்படும் நேரத்தில் கைக்குக் கிடைக்கிறது அல்லவா.

எம்சிபியில் பிழை இரண்டு வகை. டூல் பெயரே தவறு, கோரிக்கையின் வடிவம் தவறு என்பது நெறிமுறை மட்டத்துப் பிழை. டூல் ஓடும்போது வருவது வேறு. அதை டூலின் பதிலுக்குள்ளேயே வைத்து, "இஸ்எரர்" என்ற கொடியை உண்மை என்று போட்டு அனுப்ப வேண்டும். மாடல் அதைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளட்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அந்த இடத்தில் "பிழை" என்று ஒரு சொல் போட்டால் அது எதை வைத்துத் திருத்திக்கொள்ளும்? பெயர் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பெயரை மாற்றிப் பார்த்திருக்கிறது. அது யோசித்துத்தான் செய்திருக்கிறது, பாவம்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "பத்து நொடிக்குள் பதில் வரவில்லை. ப்ராஜெக்ட் உருவாகியிருக்கலாம், உருவாகாமலும் இருக்கலாம். திரும்ப உருவாக்காதே. முதலில் பட்டியல் டூலில் இந்தப் பெயரைத் தேடு. இருந்தால் அதன் ஐடியைப் பயன்படுத்து. இல்லாவிட்டால் மட்டும் அதே பெயரோடும் அதே கோரிக்கை எண்ணோடும் இன்னொரு முறை முயற்சி செய்."

"தோற்றது" என்பதும் "தெரியவில்லை" என்பதும் ஒன்றல்ல. டைம்அவுட் இரண்டாவது வகை. இதைப் பிரித்துச் சொல்லாத விளக்கங்களை நான் பார்த்துச் சலித்துவிட்டேன்.

இன்னொன்று, டூலோடு சில குறிப்புகளும் போடலாம். எம்சிபியின் 2025 மார்ச் பதிப்பிலிருந்து உண்டு. படிப்பதற்கு மட்டுமா, எதையாவது அழிக்குமா, திரும்பச் செய்தால் கூடுதல் விளைவு உண்டா, வெளியுலகத்தைத் தொடுமா என்று நான்கு. நீங்கள் ஒன்றும் போடவில்லை என்றால் "அழிக்குமா" என்பதற்கு ஆமாம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். ப்ராஜெக்ட் உருவாக்குவது எதையும் அழிக்காது, அதனால் அதை இல்லை என்று நீங்களாகப் போட வேண்டும். "திரும்பச் செய்தால் விளைவு இல்லை" என்பதற்கு ஒன்றும் போடாவிட்டால் விளைவு உண்டு என்றே கொள்ளப்படும். சர்வரில் பெகுக்காரர் சொன்ன பூட்டைப் போட்ட பிறகு மட்டும் அதை மாற்றுங்கள். பூட்டு இல்லாமல் மாற்றினால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஒன்று நினைவிருக்கட்டும், இதெல்லாம் குறிப்புதான், காவல் அல்ல. அடுத்தவர் எழுதிய சர்வரில் இருக்கும் குறிப்பை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

---

பெகுக்காரன் | 2.10

பூட்டை ஒத்துக்கொண்டதற்கு நன்றி :)

சரி, என் பக்கமும் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். இணையக் கோரிக்கைகளுக்கான எச்டிடிபி நெறிமுறையில் போஸ்ட், புட் என்று கோரிக்கை வகைகள் உண்டு. போஸ்ட் என்றால் திரும்ப அனுப்புவது ஆபத்து, புட் என்றால் எத்தனை முறை அனுப்பினாலும் பாதகமில்லை என்று நாம் படித்திருக்கிறோம். விக்குன்ஜா என்ற திறந்தமூல டாஸ்க் மேனேஜரில் புதிய ப்ராஜெக்ட் உருவாக்குவதே புட்தான், திருத்துவதற்கு போஸ்ட். நிரல்கள் அதோடு பேசும் வழியான ஏபிஐயின் விளக்கத்தைப் படிக்காமல், புட் என்ற சொல்லைப் பார்த்துத் திரும்பத் திரும்ப அனுப்பினால் போச்சு. ஆக, வழக்கத்தை நம்பாமல் எழுதி வைக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். டூடுயிஸ்ட் என்ற இன்னொரு டாஸ்க் மேனேஜரில் கட்டாயமான ஃபீல்டு பெயர் ஒன்றுதான், அதே பெயரில் இரண்டு ப்ராஜெக்ட் வைக்கவும் அது தடை சொல்லாது. ஒவ்வொரு மேனேஜருக்கும் ஒவ்வொரு குணம்.

---

அச்சுக்கூடம் | ரங்கூன் | திங்கள், மாலை 5.45

"முதலில் பெயரைத் தேடு" என்று அக்கா சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் பெயரைத் தேடுவது அவ்வளவு சுலபமா?

நான் பல வருடம் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் அடித்தவன். பர்மிய எழுத்தைக் கணினியில் சேமிக்க, ஜோஜி என்ற உள்ளூர் முறை, யூனிகோடு என்ற உலகப் பொது முறை என்று இரண்டு உலகம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். 2019 அக்டோபர் 1 அன்று நாடே யூனிகோடுக்கு மாறுவதாக அறிவித்தார்கள். ஆனால் பழைய போன், பழைய எக்செல் கோப்பு, கடைக்காரர் அனுப்பும் சரக்குப் பட்டியல் எல்லாவற்றிலும் ஜோஜி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. கொடுமை என்னவென்றால் இரண்டும் ஒரே குறியெண் வரிசையையே பயன்படுத்துகின்றன. பர்மிய எழுத்தின் பல வடிவங்களுக்காக மொன், ஷான், கரென் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களை ஜோஜி எடுத்துக்கொண்டது. அதனால் குறியெண்ணைப் பார்த்து மட்டும் இது எது என்று சொல்ல முடியாது. ஊகித்துச் சொல்லும் நிரல்கள் உண்டு. சொல் நீளமாக இருந்தால் சரியாகச் சொல்லும், கடைப் பெயர் மாதிரிக் குட்டியாக இருந்தால் தடுமாறும்.

தமிழருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பழைய தமிழ் எழுத்துருக்களில் கொம்பை முதலில் தட்டி, பிறகு ககரத்தைத் தட்டுவோம். யூனிகோடில் ககரம் முன்னால், கொம்பு பின்னால். பர்மிய எழுத்திலும் அப்படியே ஓர் உயிர்க்குறி இடப்பக்கம் வரும். ஜோஜியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் சேமிப்பார்கள், யூனிகோடில் ஒலிக்கிற வரிசையில். திரையில் ஒரே கடை, உள்ளே இரண்டு கடை.

தமிழிலும் சும்மா விடாது. "கோயில்" என்பதில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். அதை என்எஃப்சி என்ற சீராக்கத்தில் போட்டால் ஒன்றாகிவிடும். ஆனால் "கௌரி" என்பதை "கெளரி" என்று, அதாவது கெ போட்டுப் பக்கத்தில் ளகரம் போட்டு எழுதும் பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. அதை எந்தச் சீராக்கமும் ஒன்றாக்காது. கோயில் கமிட்டி டாஸ்க் பட்டியலில் "கௌரி நோன்பு" இரண்டு முறை இருந்தது. இரண்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை. பாதி வேலை ஒன்றில், பாதி மற்றதில். தேங்காய் மட்டும் இரண்டிலும் இருந்தது, இரண்டு பேரும் வாங்கிவிட்டார்கள்.

---

லாபெத்தோ | 5.50

அப்போது சட்னி நன்றாக இருந்திருக்கும்.

---

வெளியூர்_ரங்கூன்காரி | 6.30

அச்சுக்கூடம் அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே எல்லாப் பெயரும் ஆங்கிலத்தில் ஓடுவதால் மறந்தே போய்விட்டேன்.

அப்படியானால் பெயரை வைத்து ஒப்பிடும் வேலையை ஏஜென்டிடம் விடக் கூடாது. பட்டியல் டூல் பெயரை வாங்கும்போதே சர்வர் ஜோஜியை யூனிகோடாக மாற்றி, என்எஃப்சியில் போட்டு, கெள, கௌ மாதிரிப் பொறிகளையும் சேர்த்துப் பார்த்து, "கிட்டத்தட்ட ஒத்தவை" என்று இரண்டு மூன்றைத் திருப்பிக் கொடுக்கட்டும். அவற்றில் எது என்று ஏஜென்ட் ஆளைக் கேட்கட்டும். விளக்கத்தில் ஒரு வரி: "பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்காவிட்டாலும் அதே ப்ராஜெக்டாக இருக்கலாம்."

---

மூன்றாம்_மாடி | செவ்வாய், காலை 8.20

இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி பழைய பதிவுகளைத் தோண்டினேன். இன்னொரு பூதம் கிளம்பியது. கடைப் பெயரைத் தம்பிகள் பர்மிய மொழியில் தட்டினால், ஏஜென்ட் சில நேரம் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ப்ராஜெக்டுக்கு வைத்திருக்கிறது. தங்க மயில் என்று பொருள்படும் கடை "கோல்டன் பீகாக்" ஆகிவிட்டது. விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதியதால் ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டதா? தமிழிலேயே எழுதிவிடலாமா?

---

பெகுக்காரன் | 8.41

தமிழில் எழுதினால் நமக்குப் பெருமை, கட்டணத்துக்கு வேதனை. டூல் விளக்கம் ஒவ்வொரு உரையாடலிலும் மாடலின் முன்னால் போய் நிற்கிறது. மாடல் உரையைத் துண்டு துண்டாக்கிப் படிக்கும், அந்தத் துண்டுதான் டோக்கன், கட்டணமும் அதை வைத்துத்தான். தமிழ் எழுத்து பொதுவாக ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் பிடிக்கும். மூன்று டூலுக்குப் பரவாயில்லை, முப்பது டூல் ஆனால்?

---

பழைய_வாத்தியார் | 9.15

டோக்கன் கணக்கை விடுங்கள், உங்கள் ஆறு பேரில் யார் அதைத் திருத்தப்போகிறார்கள் என்று பாருங்கள். மூவர் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் என்றால் தமிழில் எழுதி என்ன பயன்? ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். ஆனால் பெயர் ஃபீல்டுக்கு, "பயனர் எந்த எழுத்தில் எழுதினாரோ அதே எழுத்தில், ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுத்துக்கொள். மொழிபெயர்க்காதே, ஒலிபெயர்க்காதே" என்று சொல்லிவிட்டு, எடுத்துக்காட்டாக ஒரு பர்மியப் பெயர், ஒரு தமிழ்ப் பெயர் போடுங்கள். எடுத்துக்காட்டெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தால் விடையும் ஆங்கிலத்தில்தான் வரும்.

மனிதருக்கு எழுதும் கையேடு தனி. அதைத் தமிழில், பர்மியத்தில் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், படம் போடுங்கள், ஏன் இப்படிச் செய்தோம் என்ற கதையையும் சொல்லுங்கள். ஏஜென்டுக்குக் கதை வேண்டாம்.

---

அச்சுக்கூடம் | 9.30

ஃபீல்டுகள் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் இன்னும் சொல்லவே இல்லையே, தம்பி.

---

மூன்றாம்_மாடி | 9.48

பெயர், விவரம், மேல்நிலை ப்ராஜெக்டின் ஐடி, நிறம், தொடக்க நாள், பொறுப்பாளரின் முதற்பெயர், குடும்பப்பெயர். பெயரும் கடைசி இரண்டும் கட்டாயம். நிறத்துக்கு டீஃபால்ட் நீலம்.

---

அச்சுக்கூடம் | 9.55

குடும்பப்பெயர் கட்டாயமா? பர்மாவிலா? உட்கார்ந்து யோசித்துத்தான் எழுதினீர்களா?

---

மூன்றாம்_மாடி | 10.02

எங்கிருந்தோ எடுத்த மாதிரி நிரல், அண்ணே. ஏஜென்ட் ஃபீல்டை நிரப்பியாக வேண்டுமே என்று "ஊ" என்பதை முதற்பெயராகப் போட்டிருக்கிறது. இப்போது எங்கள் பட்டியலில் ஊ என்ற பெயரில் பதினொரு பேர்.

---

பழைய_வாத்தியார் | 10.20

ஐநா பொதுச்செயலாளராக 1961 முதல் 1971 வரை இருந்த ஊ தாண்டுக்கே இந்த வம்பு உண்டு. ஊ என்பது மரியாதைச் சொல், தாண்ட் ஒன்றுதான் பெயர். நம் தமிழருக்கும் குடும்பப்பெயர் ஏது? அப்பா பெயரின் முதலெழுத்து இருக்கும். அதோடு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பதிவேட்டில் ஒரு பர்மியப் பெயர். ஒரே ஆள் இரண்டு பெயரில் வருவார்.

இதிலிருந்து விளக்கம் எழுதுகிறவருக்கு ஒரு விஷயம். தெரியாததைக் கட்டாயம் என்று கேட்டால் ஏஜென்ட் எதையாவது இட்டு நிரப்பும். முதற்பெயரையும் குடும்பப்பெயரையும் எடுத்துவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ஏற்கெனவே இருக்கும் உறுப்பினரின் ஐடியைக் கேளுங்கள். கட்டாயம் வேண்டாம். "தெரியாவிட்டால் விட்டுவிடு, ஊகிக்காதே" என்று எழுதுங்கள்.

---

வெளியூர்_ரங்கூன்காரி | 10.35

டீஃபால்ட் பற்றி ஒரு சொல். ஜேசான் ஸ்கீமாவில் டீஃபால்ட் என்று எழுதுவது வெறும் தகவல். அது தானாக நிரம்பும் என்று நம்பக் கூடாது. ஏஜென்ட் நிறத்தை அனுப்பாவிட்டால் உங்கள் சர்வர் நிரலே நீலத்தைப் போட வேண்டும். நிறங்களை எனம் பட்டியலாக, அதாவது இவற்றில் ஒன்று மட்டும் என்று, கொடுங்கள், இல்லாவிட்டால் "வான நீலம்", "மயில் கழுத்து நிறம்" என்றெல்லாம் கவிதை வரும். உண்மையைச் சொன்னால் நிறமே ஏஜென்டுக்குத் தேவையில்லை. அந்த ஃபீல்டை எடுத்துவிட்டால் விளக்கமும் ஒரு வரி குறையும்.

---

பெகுக்காரன் | 10.50

தொடக்க நாளையும் பாருங்கள். உலகப் பொது நேரமான யூடிசியைவிட நாம் ஆறரை மணி நேரம் முன்னால். காலை ஆறு மணிக்கு இங்கே ஒருவர் "இன்றே ஆரம்பம்" என்று எழுதினால் யூடிசியில் அது முந்தைய நாள் இரவு பதினொன்றரை. எங்களிடம் வித்தியாசத்தை முழு எண்ணாக வைத்திருந்த ஒரு நிரல் இருந்தது. ஆறு என்பதா ஏழு என்பதா என்று ஒரு வருடம் சண்டை.

---

மூன்றாம்_மாடி | 10.58

நாள் ஒன்று தவறிய ப்ராஜெக்டுகள் இருக்கின்றன, இப்போதுதான் காரணம் புரிகிறது. அவை எல்லாமே டீக்கடையில் உட்கார்ந்து விடியற்காலையில் செய்தி அனுப்பும் அதே தம்பியுடையவை. அவரைத் திட்டியிருக்கிறோம்.

---

லாபெத்தோ | 11.05

அவருக்கு ஒரு கிண்ணம் மொகிங்கா மீன் நூடுல்ஸ் வாங்கிக்கொடுங்கள்.

---

மூன்றாம்_மாடி | புதன், இரவு 8.15

எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தி எழுதினேன். மூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது, இங்கே தமிழில் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"டாஸ்க் மேனேஜரில் ஒரு வாடிக்கையாளர் கடைக்கான ப்ராஜெக்டை உருவாக்கும். ஒரு கடைக்கு ஒரு ப்ராஜெக்ட் மட்டுமே. ஒரே ஆள் ஒரே நாளில் முடிக்கும் வேலைக்கு (ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவது போல) இதைப் பயன்படுத்தாதே, டாஸ்க் சேர்க்கும் டூலைப் பயன்படுத்து. இதை அழைக்கும் முன் பட்டியல் டூலில் கடைப் பெயரைத் தேடு. ஒத்ததோ கிட்டத்தட்ட ஒத்ததோ இருந்தால் புதிதாக உருவாக்காதே, பயனரைக் கேள்.

பெயர்: பயனர் எழுதிய எழுத்திலேயே, மாற்றாமல். மொழிபெயர்க்காதே. கோரிக்கை எண்: ஒவ்வொரு புதிய கடைக்கும் புதிதாக ஒன்று. மறுமுயற்சியில் பழைய எண்ணையே அனுப்பு. தொடக்க நாள்: ரங்கூன் நேரப்படி, வருடம், மாதம், நாள் மட்டும், மணி வேண்டாம். பயனர் சொல்லாவிட்டால் விட்டுவிடு. பொறுப்பாளர் ஐடி: தெரியாவிட்டால் விட்டுவிடு.

திரும்பி வருவது: ப்ராஜெக்டின் ஐடி, இணைப்பு, புதிதாக உருவானதா ஏற்கெனவே இருந்ததா என்ற தகவல். ஏற்கெனவே இருந்தது என்று வந்தால் அது பிழை அல்ல."

நிறம், குடும்பப்பெயர் இரண்டும் போயே போச்சு. டைம்அவுட் வாசகத்தை அக்கா சொன்ன மாதிரியே வைத்தேன். சர்வரில் கோரிக்கை எண்ணைச் சரிபார்க்கும் பூட்டும் போட்டாச்சு, பெகுக்காரரே.

நாளைக்குச் சோதித்துவிட்டு வருகிறேன்.

---

பழைய_வாத்தியார் | 9.00

"கிட்டத்தட்ட ஒத்தது இருந்தால் பயனரைக் கேள்" என்பதில் என்ன கேட்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் "தொடரலாமா?" என்று கேட்கும், டாக்சியில் இருக்கிற பையன் "சரி" என்று தட்டிவிடுவான்.

---

மூன்றாம்_மாடி | வியாழன், மாலை 6.40

சோதித்தேன். மதியம் ஆள் இல்லாத நேரம் ஃபைபரைப் பிடுங்கிவிட்டு, சிம்மில், டைம்அவுட்டை இரண்டு நொடியாகக் குறைத்து ஐந்து கடைகளைக் கொடுத்துப் பார்த்தேன். நான்கு ஒழுங்காக வந்தன. டைம்அவுட் ஆனதும் பட்டியலைத் தேடி, இருந்ததைக் கண்டுபிடித்து, அதிலேயே டாஸ்க்குகளைச் சேர்த்தது. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

ஐந்தாவதில் சறுக்கல். அதே பெயரில் இரண்டு வருடத்துக்கு முந்தைய ப்ராஜெக்ட் ஒன்று, முடிந்துபோய் ஆவணப்பகுதியில் கிடந்தது. "ஒரு கடைக்கு ஒரு ப்ராஜெக்ட் மட்டுமே" என்று நான் எழுதியிருந்தேன் அல்லவா. ஏஜென்ட் யாரையும் கேட்கவில்லை. பழையதை ஆவணப்பகுதியிலிருந்து வெளியே எடுத்து, அதற்குள்ளேயே புது டாஸ்க்குகளைக் கொட்டிவிட்டது. பழைய நாற்பது டாஸ்க்கும் திரும்பவும் எல்லோர் போனிலும் ஒலித்தன.

---

வெளியூர்_ரங்கூன்காரி | 6.55

ஆவணப்பகுதியிலிருந்து எடுக்கும் டூல் உங்களிடம் இல்லையே? மூன்று டூல்தானே சொன்னீர்கள்?

---

மூன்றாம்_மாடி | 7.01

பட்டியல் டூலில் "நிலையை மாற்று" என்று ஒரு ஃபீல்டு இருக்கிறது. முன்பு அவசரத்துக்குச் சேர்த்தேன். அதற்கு விளக்கமே எழுதவில்லை.

---

பெகுக்காரன் | 7.04

பட்டியல் டூல் எழுதவும் செய்கிறதா!

---

வெளியூர்_ரங்கூன்காரி | 7.12

அந்த ஃபீல்டை இப்போதே எடுங்கள் தம்பி. அந்த டூலுக்குப் "படிப்பதற்கு மட்டும்" என்ற குறிப்பும் போட்டிருந்தால் சொல்லுங்கள், நான் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன்.

---

மூன்றாம்_மாடி | 7.15

திங்கள் ராத்திரியே போட்டுவிட்டேன், அக்கா.

---

லாபெத்தோ | 7.16

நாற்காலி தேவைப்படும்.

---

மூன்றாம்_மாடி | 7.40

ஃபீல்டை எடுத்தாச்சு. விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "ஒத்த ப்ராஜெக்ட் ஆவணப்பகுதியில் இருந்தால், அதன் பெயரையும் முடிந்த தேதியையும் பயனரிடம் சொல்லி, பழையதைத் தொடர்வதா புதிதாகத் தொடங்குவதா என்று கேள். விடை வரும்வரை எதையும் உருவாக்காதே." சயா கேட்டதும் இதிலேயே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். இங்கே கரண்ட் போகப் போகிற நேரம், மீதியை நாளைக்குப் பார்க்கிறேன்.